ஆயிலோ கூலண்டோ வெள்ளையாக இருந்தாலே ஹெட் கேஸ்கட் போச்சா?

இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. 2011 மாடல் டீசல் கார், பெங்களூர் லிங்கராஜபுரத்திலிருந்து கட்டி இழுத்து வந்தார்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் இருக்கிற டேங்கின் மூடியைத் திறந்தால் தயிரில் டீயைக் கொட்டிக் கலக்கின மாதிரி கெட்டியாக நிற்கிறது. வேறோர் இடத்தில் ஏற்கெனவே ஹெட்டை (இன்ஜினின் மேல்பாகம்) இறக்கி, லேத்தில் ஃபேசிங் போட்டு, அதாவது முகத்தைச் சமமாகச் சீவி, அதற்கு அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டும் புதிதாக மாட்டியிருக்கிறார்கள். பத்தே நாளில் பழைய கதை. ஓட்டை ஆயில் கூலரில் இருந்தது, கூலண்டை வைத்து ஆயிலின் சூட்டைக் குறைக்கும் பாகம் அது.

வெள்ளையைப் பார்த்ததும் "ஹெட் போச்சு" என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். பெங்களூரில் டிசம்பர் காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிற வண்டியில், இன்ஜின் சூடேறாமலே நின்றுவிடுவதால், ஆயில் மூடிக்கு அடியில் ஈரம் தங்கி வெண்ணெய் மாதிரி படியும். அது வெறும் நீராவி. மூடியைத் துடைத்துவிட்டு துமகூரு ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) சுத்தமாக இருந்து, கூலண்ட் அளவும் இறங்கவில்லை என்றால் ஹெட்டைத் தொடவே வேண்டாம். டிப்ஸ்டிக்கிலேயே பால் காபி நிறம், ஆயில் அளவும் ஏறியிருக்கிறது, கூலண்ட் குறைகிறது என்றால்தான் கவலை.

ஆயில் சுத்தமாக இருந்து கூலண்டில் மட்டும் ஆயில் மிதந்தால் என் கை முதலில் ஆயில் கூலருக்குத்தான் போகும். ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூலண்டைவிட அதிகம், அதனால் அந்தப் பக்கம்தான் தள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலரையும் பார்க்க வேண்டும்.

ஹெட்டை இறக்கும் முன் சோதிக்க, இன்ஜின் ஆறினபிறகு கூலண்ட் டேங்க் வாயில் முள் வைத்த பம்ப் மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி, அரை மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். டேங்க் வாயில் நீலத் திரவம் உள்ள சோதனைக் குழாயை வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, திரவம் நிறம் மாறுகிறதா என்றும் பார்க்க வேண்டும், மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் எரிந்த வாயு கூலண்டுக்குள் வருகிறது. சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள். இவ்வளவுக்கும் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் ஹெட்டை இறக்க வேண்டும் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

"அண்ணா, ஆயில் மட்டும் மாத்திட்டு ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கூலண்ட் கலந்த ஆயில் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கைத் தின்றுவிடும், அப்புறம் அந்தத் தண்டு வரை செலவு. ஸ்டார்ட்டே பண்ணாமல் இழுத்து வாருங்கள்.

இந்த வண்டிக்குக் கூலரை மாற்றி, தண்ணீர் தெளியும் வரை நான்கு முறை கழுவினோம். ரேடியேட்டர் ஹோஸை அழுத்தினால் ஆயில் குடித்து உப்பி, ஊறின ரொட்டி மாதிரி விரலில் அமுங்கியது. புது ஹோஸ் வாங்க வண்டிக்காரரை, உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜே.சி. ரோட்டுக்கு அனுப்பினேன்.