ஃப்ரிட்ஜை முறைக்கும் டெரியர்

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி தன் ஜாக் ரஸல் டெரியர் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். “டாக்டர், இவன் ராத்திரி ரெண்டு மணிக்கு ஃப்ரிட்ஜ் முன்னாடி உட்கார்ந்துண்டு அதையே பாத்துண்டிருக்கான். தலையை இப்படியும் அப்படியும் சாய்க்கறான். ஏதாவது பிரமை பிடிச்சிருக்குமோ?”

கண், காது, நரம்பு எல்லாம் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. “வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜை நகர்த்திப் பாருங்கள் மாமி” என்று அனுப்பிவிட்டேன். சாயங்காலமே போன் வந்தது. கம்ப்ரஸர் சூட்டுக்குப் பக்கத்தில் கிழிந்த துணி, பஞ்சு, பால் பாக்கெட் துண்டு எல்லாம் சேர்த்துக் கட்டிய எலிக்கூடு. உள்ளே கண் திறக்காத ஆறு குஞ்சுகள்.

மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். எலிகள் ஒன்றையொன்று கூப்பிடும் சத்தங்களில் பல நம் எல்லைக்கு மேலே, நாயின் எல்லைக்குள்ளே இருக்கின்றன. தலையைச் சாய்த்தது, சத்தம் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று கணக்குப் போட.

வேட்டை நாய் என்றால் நமக்கு ராஜபாளையமும் சிப்பிப்பாறையும்தான் நினைவுக்கு வரும். அவை வெட்டவெளியில் கண்ணால் பார்த்து ஓடி விரட்டுபவை. டெரியர் வளைக்குள் வேலை செய்யும் நாய். ‘டெர்ரா’ என்றால் லத்தீனில் மண், பெயரே அதிலிருந்துதான். பின்னாளில் பாதிரியாரான ஜான் ரஸல், ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது 1819-இல் ஒரு பால்காரரிடம் வாங்கிய பெட்டை நாயிலிருந்து தொடங்கியது ஜாக் ரஸல் வம்சம். பதுங்கிய நரியை வெளியே கிளப்புவதுதான் அதன் வேலை. வளைக்குள் போனபின் ‘உட்கார்’, ‘வா’ என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. நாய் தானே முடிவெடுக்க வேண்டும். “சொன்ன பேச்சே கேட்பதில்லை டாக்டர்” என்ற புகாரில் பாதி இதில் அடங்கிவிடும். தலையில் ரிப்பன் கட்டி மடியில் வைத்துக் கொஞ்சும் யார்க்‌ஷயர் டெரியர்கூட ஒருகாலத்தில் இங்கிலாந்து நெசவாலைகளில் எலி பிடித்த குடும்பம்தான்.

பொம்மையைக் கவ்வி இடமும் வலமுமாக உதறுவது, எலியின் கழுத்தை முறிக்கும் அதே அசைவு. கீச்சென்று கத்தும் பொம்மை என்றால் கத்தல் நிற்கும்வரை விடாது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் விசிலை விழுங்கிவிட்டால் நான் வயிற்றைத் திறக்க வேண்டிவரும். இரண்டு எடுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். சோபாவைத் தோண்டுவது, துளசித் தொட்டி மண்ணை ஹாலில் இறைப்பது, கட்டிலுக்கடியில் நுழைந்துகொண்டு வர மறுப்பது எல்லாம் இதே கணக்குதான்.

சரி, எலியைப் பிடித்தே விட்டான் என்று வையுங்கள். பலர் வீடியோ எடுத்துப் பெருமையாக அனுப்புகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ரேபிஸைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். எலியால் அது வருவது மிக அரிது. மும்பையில் நான் பயப்படுவது இரண்டுக்கு.

முதலாவது, லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி ஈரத்தில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளம் வடிந்தபின் மனிதர்களிடையே இந்தக் காய்ச்சல் பரவியது பலருக்கு நினைவிருக்கும். கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர் நின்றால் நாய் நடப்பதும் அதே தண்ணீரில்தான். காய்ச்சல், சோர்வு, வாந்தி, கண் மஞ்சளாவது, அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது, இவற்றில் எதைப் பார்த்தாலும் காத்திருக்காதீர்கள். நாயின் சிறுநீரைக் கையுறை போட்டுத் துடையுங்கள். நாயிடமிருந்து நமக்கும் தொற்றும். தடுப்பூசி முதல் முறை இரண்டு டோஸ், அப்புறம் வருடத்துக்கு ஒன்று. மழைக்கு முன்னால், மே மாதத்திலேயே முடித்துவிடுங்கள். எல்லா வகைக் கிருமிக்கும் அது காப்பு இல்லை, ஆனாலும் போடாமல் இருக்காதீர்கள்.

இரண்டாவது, எலி மருந்து. நம் வீட்டில் வைக்கவில்லை என்பீர்கள். கீழே குடியிருப்பு சொசைட்டியில் வைத்திருப்பார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் புரோமாடியோலோன் வகைக் கட்டிகளை நாய் தின்றால் முதல் இரண்டு நாள் ஒன்றுமே தெரியாது. ஓடும், விளையாடும். மூன்றாவது, நான்காவது நாளில் ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும். நேரத்தோடு வந்தால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றிவிடலாம், ஆனால் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். மருந்து தின்ற எலியைத் தின்ற நாய்க்கும் இதே ஆபத்து உண்டு. இன்னொரு எலி மருந்தான ஜிங்க் பாஸ்பைடு இதைவிடக் கொடியது, மாற்று மருந்தே கிடையாது. வயிற்றில் அமிலம் பட்டதும் விஷவாயுவாகிறது. பாலோ தயிர்சாதமோ ஊட்டினால் அமிலம் இன்னும் சுரக்கும், ஊட்டவே ஊட்டாதீர்கள். வண்டியில் கொண்டுவரும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள், நாய் வாந்தியெடுத்தால் அந்த வாயு உங்களையும் பாதிக்கும். எந்த மருந்து என்று வாட்ச்மேனிடம் கேட்டு, பாக்கெட்டை போட்டோ எடுத்து இன்றைக்கே போனில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தேட நேரம் இருக்காது.

எலிக்கு வைத்த பசை அட்டையில் மூக்கு ஒட்டிக்கொண்ட நாயோடும் வருகிறார்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் விட்டுவிடும். மண்ணெண்ணெய் வேண்டாம்.

ஆசையை அடக்க முடியாது, திசை திருப்பலாம். வெளியே கயிறை அவிழ்க்காதீர்கள்; அணில் ஓடினால் உங்கள் குரல் அதன் காதில் விழாது. லேசர் புள்ளியைத் துரத்த விடாதீர்கள். கவ்வ ஒன்றும் கிடைக்காத வேட்டை அது. சில நாய்கள் கடைசியில் சுவர் நிழலையெல்லாம் மணிக்கணக்கில் துரத்த ஆரம்பித்துவிடுகின்றன. அதற்குப் பதில் ஒரு அட்டைப்பெட்டியில் பழைய பேப்பரைக் கசக்கி நிரப்பி, அடியில் நாலு துண்டு பனீரைப் புதைத்துக் கொடுங்கள். தோண்டட்டும், கிழிக்கட்டும், உதறட்டும்.

மாட்டுங்கா மாமி வீட்டில் இது தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நடக்கிறது. ஹால் முழுக்கப் பறக்கும் பேப்பரைக் கூட்டி அள்ளுவது மாமாவின் வேலையாம்.