உடன்மேற்கோள்: இருவரைச் சேர்த்து வைக்கும் மூன்றாமவர்

ஆங்கிலத்தில் ‘ஆதர் கோ-சைட்டேஷன் அனாலிசிஸ்’. நூலக, தகவல் அறிவியல் துறையினர் சுருக்கமாக ‘ஏசிஏ’ என்பார்கள். ஒரு துறையில் எழுதியவர்களில் யார் யாரைப் பிற ஆய்வாளர்கள் ஒரே கட்டுரையில் சேர்த்து மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை வைத்துத் துறைக்கே ஒரு வரைபடம் போடும் முறை இது. தமிழில் ‘ஆசிரியர் உடன்மேற்கோள் பகுப்பாய்வு’ என்று சொல்லலாம். ‘இணைமேற்கோள்’ என்றுதான் முதலில் வாயில் வரும். அதை ஏன் ஒதுக்குகிறேன் என்பதைப் பொருளைப் பார்த்தபிறகு சொல்கிறேன்.

டெரிக் டி சோலா பிரைஸ் அறிவியல் வரலாற்றாசிரியர். யூஜின் கார்ஃபீல்ட் அறிவியலுக்கு மேற்கோள் அட்டவணைகளை உருவாக்கியவர். யாரோ ஒருவர் இன்று எழுதும் கட்டுரையின் இறுதிப் பட்டியலில் இந்த இருவரின் எழுத்தும் இடம்பெற்றால், பிரைஸ்–கார்ஃபீல்ட் ஜோடிக்குக் கணக்கில் ஒன்று. பிரைஸின் கட்டுரைகள் மூன்றும் கார்ஃபீல்டின் கட்டுரைகள் இரண்டும் அதில் இருந்தாலும், வழக்கமான கணக்கில் அது ஒன்றுதான். இன்னொரு கட்டுரையிலும் இருவரும் வந்தால் இரண்டு. இப்படி ஆயிரக்கணக்கான கட்டுரைகளை அலசினால் சில ஜோடிகளின் எண் ஏறிக்கொண்டே போகும், சில பூஜ்யத்திலேயே நிற்கும். அடிக்கடி சேர்ந்து வருகிறவர்கள் பொருளால் நெருங்கியவர்கள் என்பது இந்த முறையின் அடிப்படை ஊகம். நெருக்கம் என்றால் உடன்பாடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கீரியும் பாம்புமாக மோதிக்கொண்ட இருவர்கூட வரைபடத்தில் ஒட்டி நிற்பார்கள். ஒரு விவாதத்தைப் பற்றி எழுதுகிறவர் இரண்டு தரப்பையும் குறிப்பிட்டுத்தானே ஆக வேண்டும்?

இங்கே ‘ஆசிரியர்’ என்பது ஆளைக் குறிக்கவில்லை, அவர் பெயரில் உள்ள எழுத்து முழுவதையும் குறிக்கிறது. ‘கம்பனில் தேடிப் பார்’ என்று சொல்லும்போது நாம் கவிஞரையா தேடச் சொல்கிறோம்? அதே வழக்குதான்.

இப்போது சொல்லின் பிறப்பு. ‘சைட்’ என்ற ஆங்கில வினை லத்தீனின் ‘சிட்டாரே’யிலிருந்து வந்தது. அசையச் செய்தல், அழைத்தல் என்று பொருள். ஆங்கிலத்தில் அது முதலில் நீதிமன்றத்துக்கு ஒருவரை வரவழைப்பதைக் குறித்தது. நூல் வரிகளைச் சான்றுக்கு அழைப்பது பிறகு வந்த பொருள். மேற்கோள்களை எண்ணும் பழக்கமும் நீதிமன்றத்தின் பக்கமிருந்தே வந்தது என்பது சுவையான பொருத்தம். 1873-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிராங்க் ஷெப்பர்ட் என்பவர், ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று பட்டியல் போட்டு வழக்கறிஞர்களுக்கு விற்கத் தொடங்கினார். அதைப் பார்த்துத்தான் கார்ஃபீல்ட் அறிவியலுக்கும் அப்படி ஓர் அட்டவணை வேண்டும் என்று 1955-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். பிலடெல்பியாவில் அவர் நடத்திய நிறுவனம் 1960-களில் ‘சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ என்ற பெரிய அட்டவணையைக் கொண்டுவந்தது. அப்படி ஓர் அட்டவணை இல்லாமல் உடன்மேற்கோளை எண்ணுவது நடக்கிற காரியமில்லை.

‘கோ’ என்ற முன்னொட்டு 1973-இல் ஒட்டிக்கொண்டது. கார்ஃபீல்டின் நிறுவனத்தில் இருந்த ஹென்றி ஸ்மால் அமெரிக்காவிலும், இரினா மர்ஷகோவா சோவியத் ஒன்றியத்திலும், ஒருவரையொருவர் சாராமல் ஒரே ஆண்டில் ஒரே கருத்தை வெளியிட்டார்கள். இருவரும் எடுத்துக்கொண்ட அலகு கட்டுரை, ஆசிரியர் அல்ல. ஆசிரியரை அலகாக மாற்றியவர்கள் அதே பிலடெல்பியாவில் உள்ள டிரெக்செல் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் வைட், பெல்வர் கிரிஃபித் இருவரும். ஆண்டு 1981.

ஸ்மாலும் மர்ஷகோவாவும் எழுதுவதற்குப் பத்து ஆண்டு முன்பே இன்னொரு முறை இருந்தது. அதையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1963-இல் எம். ஐ. டி.யைச் சேர்ந்த கெஸ்லர் சொன்னது ‘பிப்லியோகிராஃபிக் கப்ளிங்’, அதாவது நூற்பட்டியல் பிணைப்பு. இரண்டு கட்டுரைகள் ஒரே பழைய கட்டுரையை மேற்கோள் காட்டினால் அவை பிணைந்தவை. அங்கே மேற்கோள் காட்டுகிற இருவருக்குள் உறவு, இங்கே மேற்கோள் காட்டப்படுகிற இருவருக்குள் உறவு. கட்டுரை அச்சாகிவிட்டால் அதன் பட்டியல் மாறாது என்பதால் நூற்பட்டியல் பிணைப்பு அன்றோடு உறைந்துவிடும். உடன்மேற்கோள் அப்படி இல்லை. நேற்றுவரை ஒட்டாதிருந்த இருவரை நாளைக்கு ஒரு புதிய தலைமுறை சேர்த்துப் படிக்கத் தொடங்கலாம், வரைபடமும் நகரும்.

வைட்டும் கிரிஃபித்தும் தங்கள் சொந்தத் துறையான தகவல் அறிவியலையே எடுத்துக்கொண்டார்கள். 39 ஆசிரியர்கள், 1972 முதல் 1979 வரையிலான மேற்கோள்கள். 39 பேரை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 741 ஜோடி. ஒவ்வொன்றுக்கும் எத்தனை கட்டுரைகள் என்று கணினித் தரவுத்தளத்தில் தேடி, ஊர்களுக்கிடையே தூரம் காட்டும் அட்டவணை போல ஓர் அணியில் எண்களை நிரப்ப வேண்டும். மூலைவிட்டத்தில், அதாவது ஓர் ஆசிரியர் தன்னையே சந்திக்கும் கட்டத்தில், என்ன எண் போடுவது? இதற்கே தனி விவாதம் உண்டு. அப்புறம் அந்த எண்களை ஒட்டுறவுக் கெழுக்களாக, அதாவது இரண்டு ஆசிரியர்களின் எண்வரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் அளவுகளாக மாற்றி, பல்பரிமாண அளவிடல் என்ற புள்ளியியல் முறையால் ஒரு தாளில் புள்ளிகளாக இறக்குவார்கள். கிடைத்த படத்தில் சிந்தனைப் பள்ளிகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. ஒவ்வொரு கொத்துக்கும் யார் நடு, யார் விளிம்பு, இரண்டு கொத்துகளுக்கிடையே எல்லையில் நிற்பவர் யார் என்பதும் தெரிந்தது. எல்லையில் நிற்பவர்கள்தான் என்னைப் பொறுத்தவரை இந்த முறையின் மிகப் பெரிய லாபம். பாடநூல்களின் அத்தியாயப் பிரிவில் அவர்களுக்கு இடமே இருக்காது.

1998-இல் வைட், கேத்ரின் மெக்கெய்னுடன் சேர்ந்து அதே துறையை 120 ஆசிரியர்களோடு மறுபடி வரைந்தார். 12 இதழ்கள், 1972 முதல் 1995 வரை, எட்டெட்டு ஆண்டாக மூன்று படங்கள். தகவல் மீட்பில், அதாவது வேண்டிய ஆவணத்தைத் தேடி எடுக்கும் முறைகளில், வேலை செய்கிறவர்கள் ஒரு பக்கம், நூல்களையும் மேற்கோள்களையும் ஆராய்கிறவர்கள் இன்னொரு பக்கம், நடுவில் ஆளே அதிகம் இல்லை. தங்கள் துறை ஆஸ்திரேலியாவைப் போல, கரையோரமெல்லாம் குடியிருப்பு, உள்நாடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று அவர்களே எழுதினார்கள். சொந்தத் துறையைப் பற்றி இவ்வளவு நேர்மையாகச் சொல்ல ஒரு வரைபடம் தேவைப்பட்டிருக்கிறது.

கணக்கிலும் சண்டை வராமல் இல்லை. 2003-இல் ஆல்கிரென், யார்னெவிங், ரூசோ ஆகிய மூவர், ஒட்டுறவுக் கெழு இந்த வேலைக்கு ஏற்றதில்லை, கொசைன் போன்ற வேறோர் ஒப்புமை அளவையே மேல் என்றார்கள். வைட் அதே ஆண்டு பதில் எழுதினார்: நடைமுறையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே படத்தைத்தான் தருகின்றன.

அதைவிடப் பெரிய சிக்கல் பெயர்களில் இருக்கிறது. கார்ஃபீல்டின் தரவுத்தளம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையின் முதல் ஆசிரியரை மட்டுமே பதிந்தது. ஐந்து பேர் சேர்ந்து எழுதியதில் நான்கு பேர் கணக்கில் வரவே மாட்டார்கள். ஒரே பெயரும் முன்னெழுத்தும் உள்ள பலர் ஒருவராகிவிடுவதும் உண்டு. தமிழர்களுக்கு இது கூடுதல் தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயரின் முதலெழுத்துதான். ஓர் இதழ் ‘முருகன் எஸ்’ என்று போடும், இன்னொன்று முன்னெழுத்தை விரிக்கச் சொல்லி அப்பா பெயரையே குடும்பப் பெயராக்கிவிடும். ஒரே ஆய்வாளர் வரைபடத்தில் இரண்டு புள்ளியாகிவிடுவார்.

இன்று லைடன் பல்கலைக்கழகத்தின் ‘வாஸ்வியூவர்’, டிரெக்செலின் சாவ்மெய் சென் உருவாக்கிய ‘சைட்ஸ்பேஸ்’ போன்ற மென்பொருள்கள் இத்தனையையும் சில நொடிகளில் செய்துவிடுகின்றன. வண்ணக் குமிழ்ப் படத்தை ஒட்டிவிட்டு ‘நான்கு குழுக்கள் தெரிகின்றன’ என்று முடித்துவிடும் ஆய்வேடுகளும் பெருகிவிட்டன. அந்தக் குழுக்கள் எதனால் குழுக்கள் என்று சொல்ல, துறையைப் படித்த ஆள் வேண்டும்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘மேற்கோள்’ நம்மிடம் பழையது, ஒரு பொருளோடு நிற்காதது. மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வரும்போது, மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட துணிபு. இன்றைய வழக்கில் அது பிறர் கூற்றை எடுத்தாள்வது. அதிலும் வரியை அப்படியே எடுத்துப் போடுவதற்கும், ‘இன்னார் சொன்னார்’ என்று நூலை மட்டும் சுட்டுவதற்கும் தமிழில் ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் ‘கொட்டேஷன்’, ‘சைட்டேஷன்’ என்று இரண்டு. இந்தக் காரணத்தால் சிலர் ‘சுட்டுகை’, ‘சான்றுச்சுட்டு’ என்று புதுச்சொல் ஆக்கலாம் என்பார்கள். தேவையில்லை என்பது என் கட்சி. தொல்காப்பியமும் நன்னூலும் நூல் எழுதும் உத்திகளில் ஒன்றாகச் சொல்லும் ‘பிறன்கோட் கூறல்’, அதாவது பிறர் கொண்ட கருத்தை எடுத்துச் சொல்வது, இந்த இரண்டையும் அணைத்துக்கொள்கிறது. அந்தக் ‘கோள்’தான் மேற்கோளிலும் இருப்பது.

நம் உரையாசிரியர்களுக்கு இந்த முறையைப் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். நச்சினார்க்கினியர் வரியை எடுத்துப் போடுவார், நூற்பெயரைப் பல இடங்களில் சொல்ல மாட்டார். அது எந்த நூல் என்று தேடிக் கண்டுபிடிக்க உ. வே. சாமிநாதையர் பட்ட பாட்டை எந்த மென்பொருளும் படத் தயாராக இல்லை.

‘கோ’வுக்கு வருகிறேன். ‘இணை’ என்றால் சிக்கல் எங்கே? ‘இணையாசிரியர்’ என்றால் சேர்ந்து எழுதியவர் என்று ஏற்கெனவே பொருள். ‘ஆசிரியர் இணைமேற்கோள்’ என்று படிக்கிறவர், இணைந்து எழுதியவர்களைப் பற்றிய ஆய்வு என்றே நினைப்பார். அது வேறு ஆய்வு. ‘கூட்டு’ என்றாலும் இதே கதி, யாரோ கூடிச் செய்தது போல ஆகிவிடும். ‘உடன்’ அப்படி இல்லை. உடன்பிறந்தவர்கள் ஒருவரையொருவர் தேர்ந்துகொள்வதில்லை, உறவை உண்டாக்கியது வேறு ஆள். உடன்மேற்கோளிலும் பிரைஸும் கார்ஃபீல்டும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, சேர்த்து வைப்பவர் மூன்றாமவர். ‘உடன்’ என்பதற்கு ‘உடனே’ என்ற பொருளும் உண்டு, ஆனால் பெயர்ச்சொல்லுக்கு முன்னொட்டாக வரும்போது அந்தக் குழப்பம் எழுவதில்லை.

மற்றச் சொற்களும் இதிலிருந்தே கிளைக்கும்: உடன்மேற்கோள் எண்ணிக்கை, உடன்மேற்கோள் அணி, உடன்மேற்கோள் வரைபடம். கட்டுரையை அலகாகக் கொண்டால் ‘கட்டுரை உடன்மேற்கோள்’, இதழைக் கொண்டால் ‘இதழ் உடன்மேற்கோள்’. இவை அடங்கும் பெருந்துறைக்கு 1969-இல் ஆலன் பிரிட்சர்ட் ‘பிப்லியோமெட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். தமிழில் ‘நூலளவியல்’. சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் அதற்கு முன்பே, 1948-இல் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பாவில் நடந்த ஆஸ்லிப் என்ற நூலக, தகவல் அமைப்பின் மாநாட்டில் ‘லைப்ரமெட்ரி’ என்ற சொல்லை முன்வைத்திருந்தார். அவர் எண்ண நினைத்தது நூலகப் பணிகளை, மேற்கோள்களை அல்ல என்பதால் அதற்கு ‘நூலக அளவியல்’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்வதே சரி.