நடந்தால் முழங்கால் தேயுமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுவாதம். டொக்டர் நடக்கச் சொல்கிறார். அயலட்டையில் எல்லாரும் 'நடந்து நடந்து கிடக்கிறதையும் தேய்ச்சுப் போடாதேங்கோ' என்கினம். ஆர் சொல்லுறது சரி?"

டொக்டர் சொல்வதுதான் சரி. பாவிக்கப் பாவிக்கப் பொருள் தேயும் என்பது நாம் நாளும் காண்பது, அயலவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முழங்காலுக்குள் இருப்பது உயிருள்ள இழையம். அது சாப்பிட வேண்டும்.

எலும்பு முனைகளைச் சில மில்லிமீற்றர் தடிப்பில் மூடியிருப்பது கசியிழையம், அதாவது குருத்தெலும்பு. நடுவில் மூட்டு நீர். நல்ல முழங்காலில் ஒரு தேக்கரண்டி அளவுகூடத் தேறாது. வயதோடு வரும் மூட்டுவாதத்தில் கசியிழையம் மெலிந்து பிளவுபடும், எலும்பு விளிம்பில் புதிய எலும்பு முளைக்கும், உள்ளே சவ்வு அழலும். இவ்வளவும் கிளினிக் சுவரொட்டியிலேயே இருக்கும். சுவரொட்டியில் இல்லாதது ஒன்று: கசியிழையத்துக்குள் இரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. அப்படியென்றால் அங்குள்ள கலங்களுக்குச் சாப்பாடு எப்படிப் போகிறது? மூட்டு நீரிலிருந்துதான்.

கசியிழையத்தின் நிறையில் 65 முதல் 80 சதவீதம் வரை நீர். மிச்சத்தில் பெரும்பகுதி கொலாஜன் நார்களால் பின்னிய வலை. அந்த வலைக்குள் அக்ரிக்கன் என்ற பெரிய மூலக்கூறுகள் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றின் கிளைகளெல்லாம் மறையேற்றம், அதாவது எதிர் மின்னேற்றம், கொண்டவை. அவை ஒன்றையொன்று தள்ளும், நேரேற்றமுள்ள சோடியம் அயன்களை இழுக்கும். அயன் செறிந்த இடத்துக்கு நீர் ஓடி வரும்; ஓ.எல். வகுப்பில் உருளைக்கிழங்குத் துண்டை வைத்துப் படித்த அதே பிரசாரணம்தான். ஆகவே அக்ரிக்கன் எந்நேரமும் நீரை இழுத்துப் பெருக்கப் பார்க்கும், கொலாஜன் வலை விடாது. கசியிழையத்தின் விறைப்பு இந்த மல்லுக்கட்டில் பிறப்பது.

இனி ஓர் அடி எடுத்து வையுங்கள். பாரம் அழுத்துகிறது, நீர் ஓடப் பார்க்கிறது. ஆனால் ஓடும் வழிகள் மிக நுண்ணியவை. ஒரு நொடிகூட நீடிக்காத அந்த அடிக்குள் நீரால் தப்ப முடியாது. உள்ளே அமுக்கம் ஏறி, பாரத்தின் பெரும்பங்கை நீரே சுமக்கிறது. மேற்பரப்பில் கசியும் சொற்ப நீர் உராய்வைக் குறைக்கிறது. காலைத் தூக்கியதும் மறையேற்றம் நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது, அதோடு சத்துப் பொருட்களும் உள்ளே வருகின்றன. 1959 இல் சார்ள்ஸ் மக்கட்சன் என்ற ஆய்வாளர் இதை ஸ்பொஞ்சுக்கு ஒப்பிட்டார். நம் வீட்டில் சட்டி கழுவும் ஸ்பொஞ்சையே நினைத்துக்கொள்ளலாம், மின்னேற்றம் இல்லை என்பதுதான் குறை. குளுக்கோசு போன்ற சிறிய மூலக்கூறுகள் சும்மா இருந்தாலும் பரவிப் போய்விடும். பெரியவற்றுக்குத்தான் இந்த அசைவு கூடுதலாக உதவுகிறது. அழுத்தித் தளர்வதைக் கலங்களும் உணர்ந்து, புது அக்ரிக்கனைச் செய்கின்றன. முள்ளந்தண்டு அடிபட்டுக் கால் அசையாமல் போனவர்களின் முழங்காலை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் கசியிழையம் மெலிந்துபோயிருக்கிறது. பாரம் சுமப்பதும் பசி தீர்ப்பதும் ஒரே அசைவில் நடப்பது எனக்கு இன்னும் அலுக்காத அதிசயம்.

அசையாமல் நிற்பது நடையாகாது. குசினியில் அடுப்படியில் நெடுநேரம் நின்றால் நீர் மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும், திரும்பி ஏற இடைவெளி கிடைக்காது. "நாள் முழுக்க நிண்டுகொண்டுதானே இருக்கிறன், பிறகென்ன நடை?" என்னும் அம்மாமார் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. போன கசியிழையம் நடையால் திரும்பி வளராது. ஆனாலும் நடந்தால் நோவு குறையும், அதில் தொடைத் தசைக்கும் பங்குண்டு. நோவென்று உட்கார்ந்தால் தசை வற்றும், மூட்டு தளம்பும், நோவு கூடும். கதிரையில் இருந்து கையூன்றாமல் எழுந்து எழுந்து இருப்பதே இதற்கு நல்ல பயிற்சி.

பேர்லினில் செயற்கை முழங்காலுக்குள் உணரி வைத்து அளந்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கையில் மூட்டில் விழுவது உடல் எடையின் 261 சதவீதம், படி ஏறுகையில் 316, இறங்குகையில் 346. கோணேசர் கோயிலுக்குப் போகும் அம்மா ஏறும்போது மூச்சு வாங்குவதை மட்டும் பார்க்கிறோம். முழங்காலுக்குச் சோதனை இறக்கத்தில்தான். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக, நோகும் காலை முதலில் வைத்து இறங்கட்டும்.

நோவு கடுமையானவர்களுக்கு நம் ஊரில் கடல் இருக்கிறது. நெஞ்சளவு தண்ணீரில் மேலுதைப்பால் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்கும், தசைக்கோ தண்ணீரைத் தள்ளுகிற வேலை. வைகாசி முதல் புரட்டாதி வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். விடிய ஒரு துணையோடு இறங்கி நடக்கலாம். வாடைக்காற்று தொடங்கினால் வேண்டாம்.

கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் மூட்டுவாதம் தீரும் என்பவர்கள் உண்டு. சூடு தசையை இளக்கும், கொஞ்ச நேரம் நோவு தணியும், அது உண்மை. ஆனால் அங்கே வாளியால் அள்ளித்தான் ஊற்றுகிறோம், மேலுதைப்பும் இல்லை. ஏழு கிணறும் சுற்றி நடந்தது கூடுதல் பலன் தந்திருக்கலாம் என்பது என் சந்தேகம். மாத்திரைக் கதையும் பெரிய வேறுபாடில்லை. மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமின் மாத்திரையை அமெரிக்க அரச பணத்தில் 1583 பேரிடம் சோதித்து 2006 இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை விடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. நடையைப் போத்தலில் அடைத்து விற்க முடியாது, ஆகவே அதை ஆராயக் காசு கொடுக்கிற கம்பனியும் இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நம் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். எண்ணெய் மட்டும் பூசுகிறவர்களையும் பூசிவிட்டு நடக்கிறவர்களையும் ஒரு வருடம் ஒப்பிட்டுப் பார்க்க எவ்வளவு செலவாகிவிடும்?

வாசகியின் அம்மா பத்து நிமிடத்தில் தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது, அதை ஆறுதலாக எட்டினால் போதும். நடக்கும்போது கொஞ்சம் நொந்தால் பயமில்லை. நடந்து இரண்டு மணி நேரம் கழித்தும் முன்னைவிடக் கூடுதலாக நொந்தால் அடுத்த நாள் தூரத்தைக் குறைக்க வேண்டும். மூட்டு திடீரென வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தால், அல்லது காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் மூட்டுகள் இறுகியே இருந்தால், அது வேறு நோயாக இருக்கக்கூடும். முதலில் டொக்டரிடம் காட்டுங்கள், நடை பிறகு.