கல்விக் கடன்: வாயால் சொன்ன ‘இல்லை’யோடு திரும்பி வராதீர்கள்

போன வருஷம் ஆடி மாதம், மஞ்சக்குப்பத்துக்காரர் ஒருவர் மகளின் அட்மிஷன் கடிதத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். லோடு ஆட்டோ ஓட்டுபவர். பெண்ணுக்குப் பாண்டியில் பி.டெக். சீட். கடலூரில் இருக்கும் வங்கிக் கிளையில், “காலேஜ் பாண்டியில இருக்கு, அங்கயே பாருங்க” என்றார்களாம். பாண்டிக் கிளையில் ஆதாரைப் பார்த்துவிட்டு, “உங்க அட்ரஸ் கடலூர், எங்க சர்வீஸ் ஏரியாவுல வராது” என்றார்களாம். ஆட்டோவை நிறுத்திவிட்டு, கூலியை இழந்து, பெண்ணையாற்றுப் பாலத்தை ஆறு தடவை தாண்டியிருக்கிறார். அவர் கையில் இருந்த பஸ் டிக்கெட்டுகளைத் தவிர இதற்கெல்லாம் ஒரு துண்டுச் சீட்டுகூட ஆதாரம் கிடையாது.

வீடு எங்கள் சர்வீஸ் ஏரியாவில் இல்லை என்று சொல்லிக் கல்விக் கடன் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. கவுன்டரில் அது தெரியாததுபோல்தான் பேசுவார்கள். நீங்களும் வாய்ச்சண்டை போடாதீர்கள். பி.எம். வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிந்து, விண்ணப்ப எண்ணோடு கிளைக்குப் போங்கள். காகிதமாகக் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கல்விக் கடனை மறுக்க மேலதிகாரியின் சம்மதம் வேண்டும் என்பது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே இருக்கிறது. எழுதித் தர வேண்டிய நிலை வந்ததும் பல மேலாளர்களுக்கு ஃபைலைத் திறக்க நேரம் கிடைத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவுக்கு என்ன கேட்கலாம்? 4 லட்சம் வரை உங்கள் பங்காக ஒரு ரூபாயும் போட வேண்டாம். உள்நாட்டுப் படிப்புக்கு அதற்கு மேல் 5 சதவீதம். ஏழரை லட்சம் வரை, கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடுகொடுக்கும் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் சொத்து அடமானமும் மூன்றாம் நபர் ஜாமீனும் தேவையில்லை. அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். “ஒரு எஃப்.டி. போடுங்க”, “ஒரு பாலிசி எடுத்துக்கோங்க, சீக்கிரம் முடிச்சிடலாம்” என்பார்கள். அதெல்லாம் கடனுக்கான நிபந்தனை இல்லை.

அடுத்தது சிபில், அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று காட்டும் அறிக்கையும் மதிப்பெண்ணும். கூட்டுக் கடனாளியாக அம்மா வந்தால், குழு லோனில் எப்போதோ விட்டுப்போன தவணையும் கூடவே வரும். முன்கூட்டியே பாருங்கள், ஆண்டுக்கு ஒரு முறை அறிக்கை இலவசம். தவறாகப் பதிவாகியிருந்தால் திருத்தச் சொல்லலாம். பெற்றோரின் வரவைவிட மாணவர் படித்து முடித்துச் சம்பாதிக்கப்போவதைத்தான் பார்க்க வேண்டும் என்பது இந்தக் கடனின் அடிப்படை. சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றமும் 2023இல் சொன்னது.

ஆனால் கடன் கிடைக்காமல் போவதைவிட, கிடைத்த பிறகு ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பாகவும் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பிறகு ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசே கட்டும். சின்னத் தொகை இல்லை. நாலு வருஷப் படிப்புக்கு வருஷம் 1 லட்சம் வீதம், 10 சதவீத வட்டியில் வாங்கினால், அந்த ஐந்து வருஷத்தில் சாதா வட்டியே 1,40,000 ரூபாய்.

இந்த மானியத்தைக் கேட்டு வாங்க வேண்டியது உங்கள் கிளை. கிளை மறந்தால் வட்டி உங்கள் தலையில். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, படிப்பு தொடங்கும் ஆண்டிலேயே கிளையில் கொடுத்து, “வட்டி மானியத்துக்காக” என்று எழுதிய கடிதத்தின் நகலில் சீல் வாங்குங்கள். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை கணக்கு அறிக்கை எடுத்து மானியம் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ‘தானாக வரும்’ என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கல்லூரியையும் பாருங்கள். கல்லூரியின் தரத்தைப் பார்த்துத் தரும் நாக் அங்கீகாரமோ, தொழிற்படிப்பின் தரத்தைப் பார்த்துத் தரும் என்.பி.ஏ. அங்கீகாரமோ இல்லாத தனியார் கல்லூரி என்றால் இந்த வட்டி மானியம் இல்லை. வாசல் போர்டை நம்பாதீர்கள், அங்கீகாரம் எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். படிப்பைப் பாதியில் விட்டாலும் மானியம் நின்றுவிடும்.

இணையதளத்தின் பெயரிலேயே 2024 நவம்பரில் அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் வேறு. அது தேசியத் தரவரிசையில் முன்னால் நிற்கும் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசு நிறுவனங்களுக்கும் மட்டும்; அறிவித்தபோது மொத்தம் 860. ஜிப்மரும் புதுவைப் பல்கலைக்கழகமும் மத்திய அரசு நிறுவனங்கள் என்பதால் சிக்கல் இல்லை. வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. வேறு அரசு உதவித்தொகை வாங்குபவருக்கு இந்தச் சலுகை இல்லை. எது லாபம் என்று கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தேர்தல் வந்தால் தள்ளுபடி வரும் என்று தவணையை நிறுத்தாதீர்கள். மேடையில் சொன்னவருக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் பிள்ளையின் சிபில்தான் விழும்.

சரி, ஒரு மாதமாகியும் கிளை அசையவில்லை என்றால்? மாவட்டத்தில் எல்லா வங்கிகளையும் ஒருங்கிணைக்கும் வங்கிக்கு முன்னோடி வங்கி என்று பெயர்; கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அது இந்தியன் வங்கிதான். முன்னோடி வங்கி மேலாளரிடம் விண்ணப்ப எண்ணோடு மனுக் கொடுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவின் இன்னொரு நகல். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். அந்தப் புகாருக்குக் கட்டணம் இல்லை. தகவல் கேட்க 14448.

ஆட்டோக்காரருக்குக் கடலூர்க் கிளையிலேயே புரட்டாசியில் கடன் வந்தது. கல்லூரிக்கு நேராகப் போய்விட்டது. அதற்குள் முதல் தவணைக்காக நகையை வைத்திருந்தார், அது இன்னும் மீட்கப்படவில்லை. இப்போது இரண்டாம் ஆண்டுப் பணத்துக்கு மதிப்பெண் பட்டியலும் கல்லூரியின் கட்டணக் கடிதமும் கேட்கிறார்கள். இந்தத் தடவை நகலில் சீல் வாங்கிவிட்டுத்தான் வெளியே வந்தாராம்.