எல்லை கடந்த லஞ்சப் பணம் எப்படித் துரத்தப்படுகிறது?

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழில் வெளிநாட்டு வாணிபத்தை நம்பி வளர்ந்தது என்பதால், இன்வாய்ஸ் என்னும் விலைப்பட்டியல் தாளின் மதிப்பை வேலூர் வட்டாரத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. லஞ்சப் பணமும் அதே தாளின் துணையோடு நாடு கடக்க முடியும்.

ஒரு கற்பனை உதாரணத்தைப் பார்ப்போம். 60 லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள பதனிடும் ரசாயனத்தை ஒரு நிறுவனம் 1 கோடி ரூபாய் விலை காட்டி இறக்குமதி செய்கிறது. முழுத் தொகையும் வங்கி வழியாகவே வெளியே போகிறது. மிகுதி 40 லட்சத்தை, சலுகை காட்டிய அதிகாரியின் உறவினருக்காக மூன்றாவது நாடொன்றில் பதிவான பெயரளவு நிறுவனத்தின் கணக்கில் விற்பனையாளர் சேர்த்துவிடுகிறார். சரக்கும் உண்மை, வங்கிப் பரிமாற்றமும் உண்மை. விலை மட்டுமே பொய்.

வேலூரில் வழக்குப் பதிவானாலும், விசாரணை அதிகாரியின் அதிகாரம் அந்த நாட்டு வங்கிவரை நீளாது. சர்வதேச அமைப்புகளும் யாரையும் கைது செய்வதில்லை. இன்டர்போலுக்குக்கூட அந்த அதிகாரம் இல்லை. தகவலும் சான்றும் எல்லை கடப்பதற்கான வழியை அவை அமைத்துத் தருகின்றன.

சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைகளை நம் வங்கிகள் தில்லியிலுள்ள நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். பல நாடுகளின் நிதிப் புலனாய்வுப் பிரிவுகள் கூடி 1995இல் உருவாக்கிய எக்மான்ட் குழுவில் அப்பிரிவு 2007இல் சேர்ந்ததால், கணக்கின் உண்மையான உரிமையாளர் யார் என்று மற்ற நாட்டுப் பிரிவிடம் பாதுகாப்பான இணைப்பு வழியே கேட்க முடிகிறது. அந்த விவரம் பதிவேட்டில் இருந்தால்தானே பதில் வரும்? அதைப் பதிவு செய்யுமாறு நாடுகளை நெருக்குவது, கறுப்புப் பணத்தை வெளுப்பதைத் தடுக்க 1989இல் அரசுகள் தொடங்கிய நிதி நடவடிக்கைப் பணிக்குழு (FATF); தவறும் நாடுகள், கூடுதல் கண்காணிப்புக்குரியவற்றைக் குறிக்கும் அதன் சாம்பல் பட்டியலில் இடம்பெறக்கூடும்.

இப்படிக் கிடைப்பது துப்புதான். நீதிமன்றத்தில் நிற்கும் சான்றுக்கு அரசுகளுக்கிடையே முறையான சட்ட உதவிக் கோரிக்கை போக வேண்டும். 2003இல் நிறைவேறி, 2011இல் இந்தியா ஏற்புறுதி அளித்த ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை, வங்கி இரகசியத்தைக் காரணம் காட்டி அத்தகைய உதவியை மறுக்கக்கூடாது என்கிறது. ஆயினும் மொழிபெயர்ப்பு, இரு நாட்டுச் சட்ட வேறுபாடு, மேல்முறையீடு என்று காலம் கரைவதே இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனம் என்று கருதுகிறேன். நைஜீரியாவின் இராணுவ ஆட்சியாளர் சானி அபாச்சா 1998இல் இறந்தார். அவருடைய குடும்பத்தாரிடமிருந்து பறிமுதலான ஏறத்தாழ 32 கோடி டாலரை உலக வங்கியின் கண்காணிப்போடு திருப்பித் தர சுவிட்சர்லாந்து ஒப்பந்தம் செய்தது 2017இல்தான். அதனாலேயே, தீர்ப்புக்குக் காத்திராமல் கணக்கை முதலில் முடக்கிவைக்கும் கோரிக்கைக்கும் அதே உடன்படிக்கை இடமளிக்கிறது.