ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஸ்: தமிழில் ‘பணி மீள்நோக்கு’

நூலகர்களுக்கான பயிற்சிகளில் ‘சிபிடி’ என்ற சுருக்கம் அடிபடும்போதெல்லாம் கூடவே வரும் சொல் ‘ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஸ்’. சிபிடி என்பது கன்டினியூயிங் புரொஃபஷனல் டெவலப்மென்ட். அதாவது, வேலைக்குச் சேர்ந்த பிறகும் பணிக்கான அறிவையும் திறனையும் வளர்த்துக்கொண்டே இருப்பது. செய்த வேலையைத் திரும்பிப் பார்த்து, அதில் தெரிந்துகொண்டதை அடுத்த முறை செய்துபார்ப்பது ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஸ். இது இல்லாத சிபிடி சான்றிதழ் சேர்ப்பதோடு நின்றுவிடும்.

‘ரிஃப்ளெக்ட்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘ரெ’ என்றால் திரும்ப. ‘ஃப்ளெக்தெரே’ என்றால் வளைத்தல். ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புவதற்கும், மனம் நடந்ததை நோக்கித் திரும்புவதற்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல்தான். இரண்டாவது பொருளைக் கல்விச் சிந்தனையில் ஊன்றியவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி. அவரது நூல் 1910இல் வந்தது. இன்னொரு அமெரிக்க அறிஞரான டொனால்ட் ஷோன் 1983இல் எழுதிய நூல்தான் அதைப் பணியிடத்துக்குக் கொண்டுவந்தது. வேலையின் நடுவிலேயே யோசிப்பது, முடிந்த பின் யோசிப்பது என இரண்டாகப் பிரித்தார் ஷோன்.

நூலக மேசையில் இது எப்படி நடக்கும்? ஒரு பெரியவர் வந்து, “பட்டா பத்தி புத்தகம் இருக்காம்மா?” என்று கேட்கிறார். நூலகர் சட்ட நூல்கள் இருக்கும் அலமாரியைக் காட்டுகிறார். பெரியவர் இரண்டு தடித்த நூல்களைப் புரட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விடுகிறார். பதிவேட்டின்படி பார்த்தால் இதில் குறையே இல்லை. கேட்டார், காட்டினோம்.

மாலையில் நூலகர் ஒரு நோட்டில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்: என்ன நடந்தது? அதனால் என்ன? இனி என்ன? 1970இல் டெரி போர்ட்டன் என்ற கல்வியாளர் முன்வைத்த கேள்விகள் இவை. எழுதும்போதுதான் உறைக்கிறது: அவருக்குத் தேவைப்பட்டது சட்டப் புத்தகமாக இருக்காது, பெயர் மாற்ற எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்ற விவரமாக இருக்கலாம். ‘எதுக்காகத் தேடுறீங்க ஐயா?’ என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். மறுநாள் பக்கத்து இ-சேவை மையத்தின் முகவரியும் நேரமும் மேசையருகே ஒட்டப்படுகின்றன. அந்த ஒரு கேள்வியும் வழக்கமாகிறது. வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்று நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் நான்காவது இப்படித்தான் நடைமுறைக்கு வரும்.

பிரிட்டனில் இது தொழில் தகுதியோடு சேர்ந்தே இருக்கிறது. அங்குள்ள நூலகர்களின் தொழில்முறை அமைப்பான சிலிப்பில் தகுதியைப் புதுப்பிக்க, ஆண்டுக்கு 20 மணி நேரக் கற்றலைக் காட்ட வேண்டும். அதனால் என்ன மாறியது என்று சுருக்கமாக எழுதவும் வேண்டும். மணிக்கணக்கைவிட அந்தச் சிறு எழுத்துக்குத்தான் நான் மதிப்புத் தருவேன்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘பிரதிபலிப்பு’ கண்ணாடிக்குத்தான் பொருந்தும். ‘பிரதிபலிப்புப் பயிற்சி’ என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ‘மீளாய்வு’ என்றதும் மேலதிகாரி கோப்போடு வந்து உட்காரும் கூட்டம்தான் நினைவுக்கு வரும். ‘தன்மதிப்பீடு’ மதிப்பெண் போடச் சொல்கிறது. ‘மீள்நோக்கு’ சரியாக வருகிறது: திரும்புதலும் இருக்கிறது, பார்த்தலும் இருக்கிறது, பார்ப்பவர் நாமே என்பதும் தொனிக்கிறது. ‘பிராக்டிஸ்’ இங்கே ஒத்திகையோ பயிற்சியோ அல்ல. மருத்துவர் ‘பிராக்டிஸ்’ செய்கிறார் என்கிறோமே, அந்தப் பொருளில் பணி. ஆகவே ‘பணி மீள்நோக்கு’.

சிபிடிக்கு இலங்கைத் தமிழில் ‘தொடர் வாண்மை விருத்தி’ என்ற வழக்கு இருக்கிறது. அங்குள்ளவர்கள் அதையே தொடரலாம். தமிழ்நாட்டு வாசகருக்கு ‘தொடர் பணித்திறன் வளர்ச்சி’ எளிதாகப் புரியும். ‘மேம்பாடு’ என்றால் யாரோ நமக்காக நடத்தும் திட்டம் போல ஒலிப்பதால் ‘வளர்ச்சி’யைத் தேர்கிறேன்.

வினையாகவும் தயங்காமல் எழுதலாம்: “கோடை முகாம் முடிந்ததும் நூலகப் பணியாளர்கள் உட்கார்ந்து தங்கள் பணியை மீள்நோக்கினார்கள், அடுத்த ஆண்டு கதை நேரத்தைக் காலைக்கு மாற்றினார்கள்.”