கல்விக் கடன்: வாயால் சொல்லும் ‘இல்லை’யோடு திரும்பி வராதீர்கள்

கலந்தாய்வில் சீட் கிடைத்து, ஒதுக்கீட்டு ஆணையோடு வங்கிக்குப் போகிறவர்களில் பலர் விண்ணப்பம்கூடக் கொடுக்காமல் திரும்பி வருகிறார்கள். “உங்க வீடு எங்க சர்வீஸ் ஏரியாவில வராது.” “இந்த வருஷ டார்கெட் முடிஞ்சிருச்சு.” “ஒரு டெபாசிட் போடுங்க, பார்க்கலாம்.” “மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்க.” இதில் எதையும் யாரும் எழுதித் தருவதில்லை. எழுதினால் பதில் சொல்ல வேண்டிவரும்.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசுடைமை வங்கிகளின் கல்விக் கடன், இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தை ஒட்டியது. 4 லட்சம் ரூபாய் வரை பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். சொத்துப் பத்திரம் வேண்டாம், ஜாமீன்தாரர் வேண்டாம், கையிலிருந்து போட வேண்டிய ‘மார்ஜின்’ பணமும் வேண்டாம். அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5% மார்ஜின் உண்டு. அதையும் ஒரே தவணையில் கட்டத் தேவையில்லை, ஒவ்வோர் ஆண்டும் பணம் விடுவிக்கும்போது அந்தந்தப் பங்கைப் போட்டால் போதும். உதவித்தொகை வந்தால் அதையும் மார்ஜினில் கழிக்கலாம். ஏழரை லட்சம் வரையிலான கடன் திரும்பாவிட்டால், அரசின் கடன் உத்தரவாத நிதி 75 சதவீதத்துக்குப் பொறுப்பேற்கிறது. அந்த ஏற்பாட்டில் வரும் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்க இடமில்லை.

‘சர்வீஸ் ஏரியா’ என்று சொல்லி கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. அந்த வாக்கியம் இன்னும் கவுண்டரில் உயிரோடு இருக்கிறது.

ஆகவே முதல் வேலை, விண்ணப்பத்தைப் பதிவாக்குவது. மத்திய அரசின் கல்விக் கடன் தளமான பிஎம் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, விண்ணப்ப எண் உள்ள பக்கத்தை அச்செடுத்து, அதோடு கிளைக்குப் போங்கள். தாளில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மாதிரித் திட்டத்தின்படி 15 நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு பதிவான தேதியிலிருந்துதான் ஓடும். மேலதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் கிளை மேலாளர் தாமாக நிராகரிக்கவும் கூடாது.

கட்டண விவரம்தான் பெரும்பாலும் காலை வாரும். கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வங்கியும் அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் கடனை ஒப்புக்கொள்ளும். அடுத்த ஆண்டு மேலாளர் மாறியிருப்பார், எல்லாம் முதலிலிருந்து. நான்கு ஆண்டுக்கும் தனித்தனியாக, கல்விக் கட்டணம், விடுதி, தேர்வு, நூலகம், புத்தகம், மடிக்கணினி என்று பிரித்து, கல்லூரி லெட்டர்பேடில் முதல்வர் கையெழுத்தோடு வாங்குங்கள். முதல் பட்டதாரி சலுகை இருந்தால் அதைக் கழித்த தொகையே அதில் வர வேண்டும். பணம் நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. அவசரத்தில் வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டால் ரசீதைத் தொலைக்காதீர்கள், அதைக் காட்டித்தான் திரும்பக் கேட்க முடியும்.

அடுத்தது பெற்றோரின் கடன் வரலாறு. மகளிர் குழுக் கடன், நகைக் கடன், தவணையில் வாங்கிய போன் எல்லாம் சிபில் அறிக்கையில், அதாவது ஒருவர் கடன்களை எப்படிக் கட்டினார் என்று காட்டும் பதிவில், இருக்கும். வண்டிக் கடனில் ‘இவ்வளவு கட்டுங்கள், முடித்துக்கொள்ளலாம்’ என்று பேசி முடித்திருந்தால் அது அங்கே ‘செட்டில்டு’ என்றே நிற்கும், ‘குளோஸ்டு’ என்று இருக்காது. அதைப் பார்த்தாலே கிளை பின்வாங்கும். ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். பிளஸ் டூ தேர்வு முடிந்ததுமே எடுத்துப் பாருங்கள், தவறான பதிவைத் திருத்த வாரக்கணக்கில் ஆகும்.

நிர்வாக ஒதுக்கீட்டில் சேர முன்பணம் கட்டப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். ‘லோன் நாங்களே வாங்கித் தருவோம்’ என்ற கல்லூரியின் பேச்சு வங்கியைக் கட்டுப்படுத்தாது. மாதிரித் திட்டம் தகுதி அடிப்படையிலான சேர்க்கையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. முதல் பட்டதாரி சலுகையும் அத்தோடு போகும்.

இனி வட்டி மானியம், அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். குடும்பத்தின் எல்லா வருமானமும் சேர்த்து ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்கல்வி அல்லது தொழில்நுட்பப் படிப்பாக இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் உள்ள வட்டியை மத்திய அரசு கட்டுகிறது. பொதுவாக, கல்லூரிக்கு நாக் அல்லது படிப்புக்கு என்.பி.ஏ என்ற தர மதிப்பீட்டு அமைப்பின் அங்கீகாரம் இருக்க வேண்டும். சேரும் முன்பே அதைப் பாருங்கள், விளம்பரப் பலகையை நம்பாதீர்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் 4 லட்சம் வாங்கி, வட்டி 10% என்று வையுங்கள். தனிவட்டியில் முதலாண்டு 10,000, பிறகு 20,000, 30,000, 40,000, படிப்புக்குப் பின் வரும் சலுகை ஆண்டில் இன்னொரு 40,000. மொத்தம் 1,40,000 ரூபாய். கோப்பில் வருமானச் சான்றிதழ் இல்லை, அல்லது கிளை மானியக் கோரிக்கையைப் பதிவேற்றவில்லை என்றால் இந்தத் தொகை உங்கள் தலையில் விழும். படிப்பு முடிந்து முதல் தவணைக் கடிதம் வரும்போதுதான் தெரியும்.

அதனால் தாசில்தார் வழங்கும் வருமானச் சான்றிதழை இ-சேவை மூலம் எடுத்து, கடன் விண்ணப்பத்தோடே கொடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் கடன் கணக்கின் ஸ்டேட்மெண்ட் வாங்கி மானியம் வரவாகியிருக்கிறதா பாருங்கள். வருமான வரிக் கணக்கில் 6 லட்சம் என்றும் சான்றிதழில் 96,000 என்றும் இருந்தால் இரண்டும் ஒரே மேசைக்கு வரும், சிக்கல் உங்களுக்குத்தான். மானியம் ஒரு முறைதான்: இளநிலைக்கு வாங்கினால் முதுநிலைக்குக் கிடையாது. மருத்துவக் காரணம் தவிர வேறு எதற்காகவும் படிப்பைப் பாதியில் விட்டால் அதுவும் போச்சு.

ஒரு மாதம் கழிந்தும் பதில் இல்லையா? மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கு எழுதுங்கள், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலும், பதில் சரியில்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் முறையிடலாம். கட்டணம் இல்லை, உதவிக்கு 14448. கடன் கொடுப்பதா வேண்டாமா என்ற வங்கியின் வணிக முடிவில் அவர் தலையிட மாட்டார். ஆகவே புகாரில் ‘கடன் தரவில்லை’ என்று எழுதாதீர்கள். ‘இந்தத் தேதியில் விண்ணப்பித்தேன், சர்வீஸ் ஏரியா இல்லை என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள், இன்று வரை எழுத்தில் முடிவு இல்லை’ என்று எழுதி, முத்திரை வைத்த நகலை இணையுங்கள்.